கடலடிச் சேற்றில் நம்ம வீட்டுப் பழைய டிவி

பழைய டிவியின் பின்பக்க பிளாஸ்டிக் மூடி, உள்ளே சூடேறினாலும் சட்டென்று தீப்பிடிக்காது. அதில் கலந்திருக்கும் பிபிடிஈ என்ற புரோமின் சேர்மங்கள்தான் காரணம். சூடானதும் வெளிவரும் புரோமின், தீ பரவத் தேவையான வினைகளை நடுவிலேயே அறுத்துவிடும்.

சிக்கல் என்னன்னா, இவை பிளாஸ்டிக்கோடு பிணைந்திருப்பதில்லை. மாவில் உப்பு மாதிரி கலந்துதான் இருக்கும். எனவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறித் தூசியில் சேரும். உடைத்தாலோ எரித்தாலோ இன்னும் வேகமாக வெளியேறும். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு ஆறு, கழிமுகம் என்று போய்க் கடலடியில் படியும்.

அங்கே வருடாவருடம் புதுச்சேறு மேலே படிகிறது. நம்ம லாக் ஃபைல் மாதிரிதான், ஆனால் புதிய பதிவு மேலே இருக்கும். குழாயை இறக்கிச் சேற்றுத்தண்டை எடுத்து, சென்டிமீட்டர் கணக்கில் துண்டு போடுவார்கள். ஈயம்-210 சுமார் 22 வருடத்தில் பாதியாகச் சிதையும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் அந்த அடுக்கின் வயது தெரியும். புழுக்கள் சேற்றைக் கிளறியிருந்தால் தேதிகள் குழம்பும் என்பதையும் கவனிக்கணும்.

இப்படி உலகின் பல கடலோரங்களில் பார்த்ததில், 1970களுக்குப் பிந்தைய அடுக்குகளில் பிபிடிஈ ஏறிக்கொண்டே வருகிறது. சேற்றில் பெரும்பாலும் அதிகம் கிடைப்பது டெகா வகை. ஸ்வீடனில் 1972 முதல் 1997 வரை சேமித்த தாய்ப்பாலிலும் இதே ஏறுமுகம். ஏறத்தாழ 5 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இல் பென்டா, ஆக்டா வகைக் கலவைகளின் முக்கியச் சேர்மங்களையும் 2017இல் டெகாவையும் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2018 விதிகள் தடை செய்த 7 ரசாயனங்களில் டெகா இல்லை. ஆனால் மின்கழிவு விதிகளின்படி, புதிய மின்னணுப் பொருட்களில் பிபிடிஈ 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

சட்டம் புதுசைத்தான் தடுக்கும். பரணில் கிடக்கும் பழைய டிவி அப்படியேதான் இருக்கிறது. ஆலங்குளத்திலிருந்து கடல் தூரம்தானே என்று தோன்றும். ஆனால் நம்ம வட்டாரத்து மழைநீர் வைப்பாறு வழியாகப் போய்ச் சேர்வது மன்னார் வளைகுடாவில்தான். பழைய இரும்புக்குப் போட்டு, யாரோ செம்புக்காகக் கொளுத்தினால், அந்தச் சாம்பலும் அதே வழியில்தான் போகும். புரோமின் கலந்த டையாக்சின்களும் கூடச் சேரும். அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுப்பதுதான் இப்போது நம் கையில் இருக்கும் வழி.