தேய்மானமும் பிடிமானமும்

மோட்டார் சைக்கிள்களிலே பந்தய இனத்தைச் சார்ந்தன சில உண்டு. 600 கன சென்ரிமீற்றரளவு எஞ்சினும், நூறு குதிரைவலுவுக்கு மேற்பட்ட ஆற்றலும், ஓட்டுவோன் பெற்றோல் தாங்கியின்மீது கவிழ்ந்து படுத்தாற்போல அமரவேண்டிய ஆசனமும் உடையவை அவை. சுசுக்கி, ஹொண்டா, யமஹா, கவாசாகி என்னும் யப்பானிய நிறுவனங்கள் நான்கும் இவ்வினத்தைப் பல்லாண்டுகளாக உருவாக்கி உலகெங்கும் விற்று வந்தன. இவற்றை வாங்கும் இளைஞர் முதலில் வியப்பது வண்டியின் வேகத்தை. ஆண்டொன்று கழியுமுன் வியப்பது பின்சில்லின் ரயர் தேய்ந்துபோன வேகத்தை.

இங்கிலாந்திலே தொழில்புரியும் நம் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எழுதிய மடலிலும் இக்குறையே காணப்பட்டது. நாள்தோறும் வேலைக்குப் போய்வருவதற்கு இத்தகைய வண்டியொன்றை அவர் வைத்திருக்கின்றார். வண்டியோடு வந்த பின் ரயர் 4,000 மைல் ஓடுமுன்னரே நடுப்பகுதி வழுவழுத்துவிட்டதாம். நீடித்து உழைக்கும் ரயரைப் பூட்டலாமென்றால், அது கடின இறப்பர், மழைநாளில் வளைவிலே வழுக்கி வீழ்த்திவிடும் என்று நண்பர்கள் அச்சுறுத்துகின்றனராம். பணத்தைப் பார்ப்பதா, உயிரைப் பார்ப்பதா என்று கேட்டிருந்தார். கேள்வி அதுவேயாயின் விடை கூறுவதற்கு ஆசிரியர் எவரும் வேண்டியதில்லை. ஆனால் கேள்வியே பிழைபட அமைந்துள்ளது என்பது நம் கருத்து. அதனை விளக்குதற்கு இறப்பரின் இயல்பிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

மரத்திலிருந்து பாலாய்க் கசியும் இறப்பர் வெப்பத்திற் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இவ்விரு குறையும் நீங்கும் என்பதை 1839 இல் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் கண்டார். 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்கெனச் செய்து பார்த்த காற்றடைத்த ரயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே, 1876 இல், பிரேசில் நாட்டு வித்துக்களிலிருந்து இலண்டனை அடுத்த கியூப் பூங்காவில் முளைத்த கன்றுகள் நம் நாட்டுக்கு வந்து, கம்பகாப் பகுதியிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன. களுத்துறை, கேகாலைப் பக்கம் பயணஞ் செய்தோர் சிரட்டை கட்டிய மரங்களை வரிசை வரிசையாகக் கண்டிருப்பர். அம்மரத்தின் பாலோடு செயற்கை இறப்பர், எண்ணெய், கரித்தூள், சிலிக்கா என்பன கலந்து இக்காலத்து ரயர் உருவாகின்றது. ரயர் கறுத்திருப்பது அழகுக்காக அன்று. கரித்தூள் கலவாத இறப்பர் விரைந்து தேய்ந்துவிடும்.

ரயர் தெருவைப் பற்றுவது இரு வழிகளால். இறப்பரின் மூலக்கூறுகள் தெருவின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளுதல் ஒன்று. தெருவிலுள்ள சிறு கற்களின் மேடு பள்ளங்களுக்குள் இறப்பர் அமுங்கி, தன் பழைய வடிவத்துக்கு மெல்ல மீளுதல் மற்றொன்று. மென்மையான இறப்பர் இவ்விரண்டையும் நன்கு செய்யும். அதனாலேயே விரைவில் கிழிபட்டுத் தேயவுஞ் செய்யும். இம்மட்டில் நண்பர்கள் கூறியது உண்மையே. அவர்கள் கணக்கில் எடாதது வெப்பநிலை.

பந்தயத் திடலுக்கென ஆக்கப்படும் இறப்பர் சூடேறிய பின்னரே மென்மையாகித் தெருவைப் பற்றும். பந்தயம் தொடங்குமுன் சில்லுகளை மின்சாரப் போர்வையாற் சுற்றி 80 பாகை சென்ரிகிறேட் அளவுக்குச் சூடாக்கி வைத்திருப்பதை விளையாட்டுப் படங்களிற் கண்டோர் பலர். அப்படிச் சூடேற்றிய ரயரை வளைவுக்கு வளைவு வதைத்து ஓட்டினாலன்றி அச்சூடு நிலைபெறாது. மார்கழி மாதத்து இங்கிலாந்திலே, ஐந்து பாகைக் குளிரில், ஈரத்தெருவில், மற்ற வாகனங்களின் பின்னே ஊர்ந்து செல்லும் ஒருவருக்கு இந்தப் போர்வை ஏது, வதைப்பு ஏது? அவருடைய பந்தய ரயர் வீட்டிலிருந்து வேலைத்தலம்வரை குளிர்ந்தே கிடக்கும். குளிர்ந்த பந்தய ரயரின் பிடிமானம் நம்பத்தக்கதன்று. மாறாக, நெடும்பயணத்துக்கென ஆக்கப்பட்ட ரயரின் கலவையிலே சிலிக்கா மிகுதி. அது குறைந்த வெப்பநிலையிலும் மென்மை இழவாது, நனைந்த தெருவையும் நன்கு பற்றும். நீரை ஒதுக்கித் தள்ளும் கால்வாய்களும் அதன் முகத்தில் அதிகம். ஆகவே நம் மாணாக்கரின் வழித்தடத்தைப் பொறுத்தவரையில், நீடித்துழைக்கும் ரயரே உயிருக்கும் காவலாகின்றது. நண்பர்கள் நேரெதிரானவை எனக் காட்டிய இரண்டும் இங்கே ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

ஆயினும் பிடிமானத்தின் எல்லையை அறிந்திருத்தல் நன்று. பௌதிகம் கற்கும் மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். 50 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவிலே மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 30 பாகை சாய்தல் வேண்டும். அதே வளைவில் 80 கிலோமீற்றர் வேகத்திற் சென்றாலோ 45 பாகை சாய்தல் வேண்டும். அப்போது தெருவானது, வண்டியும் ஆளும் சேர்ந்த எடை முழுவதற்கும் சமமான விசையைப் பக்கவாட்டிலே கொடுத்தாகவேண்டும். கொடுப்பது உள்ளங்கையளவு இறப்பர் இரண்டு! இருபது கிலோமீற்றர் வேகங் கூட்டியதற்கு இவ்வளவு விலை. உலர்ந்த தெருவும் நல்ல ரயரும் இதனைத் தாங்கக்கூடும். நனைந்த தெருவில் இதனை எதிர்பார்த்தல் பேதைமை. மான் தீவிலே நடைபெறும் புகழ்பெற்ற தெருப்பந்தயங்களில் 26 வெற்றிகள் பெற்ற ஜோய் டன்லொப், ரயர் தந்த டன்லொப்பின் பெயரையே உடையவர், வட அயர்லாந்துக்காரர். 2000 ஆம் ஆண்டிலே எஸ்தோனியாவின் தலின் நகரில், மழையில் நனைந்த தெருவில் நடந்த பந்தயத்திலே வண்டி கைதவறி மரங்களில் மோதி உயிர்நீத்தார். அவருக்கு மிஞ்சிய கைத்தேர்ச்சி உடையோர் ஒரு சிலரே.

இனி, ரயர் எவ்விடத்தில் தேய்கின்றது என்பதைப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளின் ரயர் குறுக்கே வட்டமானது. நேரே செல்லும்போது நடுப்பகுதியும், சாயும்போது ஓரப்பகுதியும் தெருவைத் தொடும். நெடுஞ்சாலையில் நாள்தோறும் நேரே ஓடுபவரின் பின் ரயரில் நடுவே ஒரு பட்டை தேய்ந்து தட்டையாகிவிடும்; ஓரங்களோ புத்தம் புதியனவாக இருக்கும். இதனாற் பணம் வீணாவதோடு நிற்பதில்லை. தட்டையும் வட்டமும் சந்திக்குமிடத்தில் ஒரு விளிம்பு உண்டாகின்றது. வளைவிற் சாய்க்கும்போது வண்டி முதலில் மறுக்கும். விளிம்பைத் தாண்டியவுடன் திடீரென விழுவதுபோற் சாயும். தேய்ந்த ரயரை மாற்றிய அன்று, வண்டியே மாறிவிட்டதோ என ஓட்டுவோர் மகிழ்வதன் காரணம் இதுவே.

இக்குறைக்கு உற்பத்தியாளர் கண்ட வழி மிக எளிமையானது. ஒரே ரயரின் நடுப்பட்டையைக் கடினமான கலவையாலும் இரு ஓரங்களை மென்மையான கலவையாலும் ஆக்கினார்கள். நேர்வழியில் தேய்மானம் குறையும். வளைவிலே பிடிமானம் குறையாது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே கடைக்கு வந்த இம்முறை இன்று பரவலாகிவிட்டது. 'நீடித்தது எல்லாம் வழுக்கும்' என்ற பழைய எச்சரிக்கை, ரயர் முழுவதும் ஒரே கலவையாய் இருந்த காலத்துக்கு உரியது.

கடையிலே கேட்கும்போது மூன்று தரங்கள் உண்டு என்பதை நினைவிற் கொள்க. பந்தயத் திடலுக்கும் தெருவுக்கும் பொதுவானது முதலாவது. பிரெல்லியின் சுப்பர்கோர்சா இதற்கு எடுத்துக்காட்டு. அதன் பின் ரயர் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீற்றரில் முடிந்துவிடுவதும் உண்டு. தெருவில் விரைந்தோட்டுவோர்க்கு உரியது இரண்டாவது. அது ஐயாயிரம் முதல் எண்ணாயிரம்வரை ஓடலாம். வேகத்தையும் நெடும்பயணத்தையும் இணைத்தது மூன்றாவது. மிச்செலினின் 'றோட்' வரிசை, மெற்செலரின் 'றோட்ரெக்', டன்லொப்பின் 'றோட்ஸ்மார்ட்', பிரெல்லியின் 'ஏஞ்சல்' என்பன இத்தரத்தன. பதினாயிரம் கிலோமீற்றர் என்பது இவற்றுக்குப் பெரிதன்று. பொறுமையாக ஓட்டுவோர் பதினையாயிரத்தையும் தாண்டுவர். இவையெல்லாம் ஓட்டுவோனின் கையையும் தெருவின் கரடுமுரடையும் பொறுத்து மாறும் அளவுகள். ஏஞ்சல் என்ற பெயரிலே ஒரு வேடிக்கையுமுண்டு. அவ்வரிசையின் முதல் ரயரிலே வெட்டப்பட்ட கோலம் புதிதாயிருக்கையில் தேவதூதனின் உருவாய்த் தோன்றும். சிறிது தேய்ந்ததும் அதுவே பேயுருவாக மாறும். விளம்பரக்காரருக்குச் சமயஞானமும் வேண்டியிருக்கிறது!

இரண்டாந் தரத்துக்கும் மூன்றாந் தரத்துக்கும் விலையில் வேறுபாடு பெரிதன்று. உழைப்போ ஏறக்குறைய இரட்டிப்பு. ரயரைக் கழற்றிப் பூட்டிச் சமனிலை பார்க்கும் கூலியும் அதனாற் பாதியாகும். பிரித்தானியாவிலே இக்கூலி நம்மூர்க் கூலியன்று என்பதை அங்கு வாழும் பிள்ளைகளின் பெற்றோர் அறிவர்.

தரத்தைத் தெரிந்தபின் அளவிலே கைவைத்தல் ஆகாது. ரயரின் பக்கத்திலே 180/55 என்றும் 17 என்றும் எழுதியிருப்பின், அதன் அகலம் 180 மில்லிமீற்றர், பக்கவுயரம் அவ்வகலத்தின் நூற்றுக்கு 55 பங்கு, அதாவது 99 மில்லிமீற்றர், சில்லின் விட்டம் 17 அங்குலம் என்பது பொருள். பார்வைக்குப் பெரிதாய் இருக்கட்டுமென்று 180க்கு உரிய சில்லிலே 190ஐப் பூட்டுவோர் உளர். ஒடுங்கிய சில்லு அகன்ற ரயரை நெருக்கி அதன் வட்டத்தைக் கெடுக்கும். வளைவுக்குச் சாயும் இயல்பு மந்தமாகும். எண்களின் பின்வரும் எழுத்து வேக எல்லையைக் குறிப்பது. 'எச்' என்றால் 210 கிலோமீற்றர், 'வி' என்றால் 240, 'டபிள்யூ' என்றால் 270. வண்டியின் கைந்நூலிற் குறித்த எழுத்துக்குக் கீழிறங்குதல் தகாது. முன்னும் பின்னும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையாய் இருத்தலும் நன்று. ஆனால் பின் ரயர் இருமுறை மாறுமளவும் முன் ரயர் ஒன்றே நின்றுபிடிப்பது வழக்கமாதலின், இரண்டையும் எப்போதும் ஒருங்கே மாற்றவேண்டும் என்பதில்லை.

பொய்யான நீடிப்பு ஒன்றுண்டு. அதனிடத்து விழிப்பு வேண்டும். மலிவு விலையிலே கிடைக்கும் பழைய இருப்பு ரயர் அது. கோடுகள் ஆழமாய் இருக்கும், மேற்பரப்பு மினுங்கும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல இறப்பர் தானே இறுகிவிடும். இறுகிய இறப்பர் தேயாது, பிடிக்கவும் மாட்டாது. 'டி.ஓ.ரி.' என்ற எழுத்துக்களைத் தொடர்ந்து வரும் வரிசையின் ஈற்றிலுள்ள நான்கு இலக்கங்களை நோக்குக. 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையிலே வார்க்கப்பட்டது என அறியலாம். அமெரிக்காவிலே பாரமான பயண வண்டிகளை வைத்திருப்போர் சிலர், இன்னும் நீடிக்கட்டுமென்று மோட்டார்க் காரின் ரயரையே பின்சில்லிற் பூட்டுகின்றனர். தட்டையான அந்த ரயர் சாய்வதற்கென ஆக்கப்பட்டதன்று. அவர்களே அதனை 'இருட்டுப் பக்கம்' என்று அழைப்பதனால், நாம் மேற்கொண்டு கூறவேண்டியது யாதுமில்லை.

எந்த ரயரை வாங்கினும் அதன் ஆயுளைக் குறைப்பதும் கூட்டுவதும் காற்றமுக்கமே. 600 வகை வண்டிகள் பலவற்றுக்கு முன்னே சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தலும் பின்னே 42 இறாத்தலும் கைந்நூலிற் குறிக்கப்பட்டுள்ளன. பந்தயக்காரர் காற்றைக் குறைத்து ஓட்டுவதைக் கேள்வியுற்று இளைஞர் சிலரும் அவ்வாறு செய்வர். பந்தயக்காரர் அதனைச் செய்வது சூடேறிய ரயருக்கு, சில மணித்துளி ஓட்டத்துக்கு. தெருவிலே காற்றுக் குறைந்த ரயர் நசுங்கி நசுங்கிச் சூடேறி, தேய்மானத்தை விரைவுபடுத்தும். கிழமைக்கொருமுறை, வண்டி ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளத்தல் வேண்டும்.

கோடுகளின் அடியிலே சிறு மேடுகள் உண்டு. தேய்மானம் அம்மேட்டை எட்டினால் ரயரின் காலம் முடிந்தது. பிரித்தானியச் சட்டம், முகத்தின் அகலத்திலே முக்காற் பங்குக்கு ஒரு மில்லிமீற்றர் ஆழம் இருத்தல் வேண்டும் என்கின்றது. மழைமாதம் வருமுன் அதனினும் சற்று முந்தி மாற்றிக்கொள்ளுதல் நல்லது. மாற்றிய அன்று, புது ரயரின் மேற்பரப்பு வார்ப்பச்சிலிருந்து வந்த வழுவழுப்போடு இருக்கும். முதல் நூறு மைல்வரை திடீர்த் தடுப்பும் திடீர் வேகமுமின்றி, ஒவ்வொரு வளைவிலும் சிறிது சிறிதாகச் சாய்வைக் கூட்டி ஓட்டி, ஓரங்கள்வரை அந்த மினுக்கம் மங்குவதைக் கண்டபின்னரே வழக்கமான வேகத்துக்குத் திரும்புமாறு மாணாக்கருக்கு எழுதியுள்ளோம்.