வருமானம் குறைந்தால் உதவியும் குறைய வேண்டுமா?

குடும்பத்தில் வருமானம் குறைந்தால் முதலில் நிற்பது நன்கொடைதான். நாடுகளும் அப்படித்தான். பிரிட்டன் 2020ஆம் ஆண்டில் எடுத்த முடிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை ஏழை நாடுகளின் மேம்பாட்டுக்குத் தரவேண்டும் என்று 1970ல் ஐக்கிய நாட்டுச் சபை கேட்டுக்கொண்டது. பிரிட்டன் அந்த அளவைத் தொட 2013 வரை ஆனது. 2015ல் அதைச் சட்டமாகவும் ஆக்கியது. கோவிட்-19 தொற்று பொருளாதாரத்தை முடக்கியதும், அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனாக் 2020 நவம்பரில் அதை 0.5 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்தார்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 1,000 வெள்ளி சம்பளத்தில் 0.7 விழுக்காடு என்றால் 7 வெள்ளி. சம்பளம் 900 வெள்ளியானால் அது தானாகவே 6 வெள்ளி 30 காசாகிவிடும். கஷ்ட காலத்துக்கான குறைப்பு அந்த விகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் விகிதத்தையும் 0.5 ஆக்கினால் மிஞ்சுவது 4 வெள்ளி 50 காசு. இரண்டு முறை வெட்டு!

மிச்சமான தொகை ஆண்டுக்குச் சுமார் 4 பில்லியன் பவுண்டு. அந்த நிதியாண்டில் அரசாங்கம் வாங்கக்கூடும் என்று அப்போது மதிப்பிடப்பட்ட கடனோ 394 பில்லியன் பவுண்டு. சேமிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வெட்டு எல்லா இடத்திலும் சமமாக விழவில்லை. பல ஆண்டு ஒப்பந்தம் உள்ள திட்டங்களில் உடனே கைவைக்க முடியாது. ஆகவே மற்றவை அடி வாங்கின. குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் வழங்கும் ஐநா மக்கள்தொகை நிதியத் திட்டத்துக்கு 154 மில்லியன் பவுண்டு எதிர்பார்க்கப்பட்டது. கிடைத்தது சுமார் 23 மில்லியன். போலியோ ஒழிப்புக்கான 100 மில்லியன், 5 மில்லியனாகச் சுருங்கியது.

உள்நாட்டில் வேலை இழந்தவர்களை முதலில் கவனிக்க வேண்டாமா என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலோர் குறைப்பை ஆதரித்தனர். 2021 ஜூலையில் நாடாளுமன்றமும் 333க்கு 298 என்ற வாக்குகளில் ஏற்றது. முன்னாள் பிரதமர் தெரேசா மே தம் சொந்தக் கட்சி அரசாங்கத்தையே எதிர்த்து வாக்களித்தார்.

தற்காலிகம் என்றுதான் சொல்லப்பட்டது. அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்காத நிலையும் கடன்சுமை குறையும் நிலையும் வந்தால் 0.7 திரும்பும் என்றார்கள். அது திரும்பவில்லை. மாறாக, 2022ல் உதவி நிதியில் கால்பங்குக்கும் மேல் பிரிட்டனுக்குள்ளேயே அகதிகளைத் தங்கவைக்கச் செலவானது. 2025 பிப்ரவரியில் பிரதமர் கியர் ஸ்டார்மர், தற்காப்புச் செலவுக்காக உதவியை 2027க்குள் 0.3 விழுக்காடாக்கப் போவதாக அறிவித்தார். மேம்பாட்டுத் துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் பதவி விலகினார்.