தாய்ச் சிங்கியும் கண்ணாடிக் குஞ்சும்

மீமிசல் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்குக் குஞ்சு வாங்கும் கணக்கு அத்துபடி. வனாமி இறாலின் முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். மூன்று வாரம் போல ஆனால் குஞ்சு ஆக்சிஜன் பையில் ஏறிக் குளத்துக்கு வந்துவிடும். வனாமியைவிடப் பல மடங்கு விலை போகிற சிங்கி இறாலுக்கும் இப்படிக் குஞ்சு கிடைத்தால் என்ன என்று அவர்கள் நினைப்பது நியாயம்தான். ஆனால் சிங்கியின் பிள்ளைப்பேறு வேறு மாதிரி.

தாயிலிருந்து தொடங்குவோம். நீண்ட மீசையும் முள்ளோடும் உள்ள சிங்கியில், ஆண் தன் விந்துப் பொதியைப் பெண்ணின் மார்பில் ஒட்டிவிடும். அது தார் அப்பியதுபோல் கறுத்து இறுகிக் கிடக்கும். முட்டையிடும் வேளையில் பெண் தன் கடைசிக் காலின் நுனியில் உள்ள சின்னக் கொடுக்கால் அதைச் சுரண்டித் திறக்கும். வெளிவரும் முட்டைகள் கருவுற்று, வாலுக்கு அடியில் உள்ள துடுப்புக் கால்களின் மயிரில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். லட்சக்கணக்கில் இருக்கும். தாய் அந்தக் கால்களை ஓயாமல் அசைத்துக் காற்றோட்டம் தரும். செத்த முட்டையை அதே கொடுக்கால் கிள்ளி எறியும். ஆரஞ்சு நிற முட்டை பழுப்பேறி, உள்ளே கண் தெரிந்தால் பொரிக்கப் போகிறது என்று பொருள். பொரிப்பகத்துக்காரர் அதுவரை தாயை அலைக்கழிக்காமல் காக்க வேண்டும்.

சிரமம் அதற்குப் பிறகுதான். பொரித்து வருவது இறால் குஞ்சு மாதிரியே இருக்காது. ஃபில்லோசோமா என்ற அந்த இளவுயிர் தட்டையாக, கண்ணாடியாக, நீண்ட கால்களோடு மிதக்கும். தொட்டிச் சுவரில் உரசினாலே கால் ஒடியும். மிச்சத் தீனி அழுகினால் கிருமி வந்து குஞ்சுக் கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும். ஜப்பானியர்கள் 1980-களின் இறுதியில் தங்கள் முள் சிங்கியைக் குஞ்சுப் பருவம் முழுக்க வளர்த்துக் காட்டினார்கள். அதற்குப் பத்து மாதம் போல ஆகிறது. இருபது தடவைக்கு மேல் தோலுரிக்கும் உயிரை அத்தனை நாள் தொட்டியில் காப்பாற்றுவது சாமானியம் அல்ல.

நமக்கு நம்பிக்கை தருவது மணல் சிங்கி. விசைப்படகு மடியில் மீனோடு மீனாக வரும் தட்டையான இனம். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கூடத்தில் ஜோ கிழக்கூடன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் இதை முட்டையிலிருந்து குஞ்சு வரை வளர்த்தார்கள். 2004-ல் அந்த முடிவு வெளியானது. நாலே இளம்பருவம், 26 முதல் 30 நாள். ஜெல்லி போன்ற சிறு கடலுயிர்களையும் நறுக்கிய மட்டிச் சதையையும் தின்று வளர்ந்த கண்ணாடி உயிர்கள், கடைசியில் தீனியை விட்டுவிட்டு, தாயின் சாயலோடு மணலில் இறங்கின. நம் கடலோர ஆய்வில் இதைப் பெரிய சாதனையாகவே நான் கருதுகிறேன். ஆனாலும் பண்ணைக்காரர் ஆயிரக்கணக்கில் வாங்கும் அளவுக்கு இது இன்னும் வரவில்லை. தினமும் உயிர்த்தீனி பிடித்துத் தர வேண்டும், பிழைப்பதும் கொஞ்சம்தான்.

அதற்குள் கடலில் இருப்பதைக் காலி செய்துவிடக் கூடாது. மும்பைக் கடலில் 1978-ல் சூடுபிடித்த மணல் சிங்கி மீன்பிடி, 1994-ல் அடியோடு படுத்துவிட்டது. மத்திய அரசு 2003-ல் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வகுத்தது: மணல் சிங்கிக்கு 150 கிராம், முள் சிங்கிகளில் இனத்துக்கு ஏற்ப 200 முதல் 500 கிராம்.

எடை தேறினாலும் சினைச் சிங்கியை விடத்தான் வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் படகுக்காரர்களிடம் என் வேண்டுகோள் இது: மடியில் ஏறிய சிங்கியைப் புரட்டிப் பாருங்கள். வாலுக்கு அடியில் சினை இருந்து, உயிரோடும் இருந்தால், அங்கேயே கடலில் விட்டுவிடுங்கள். ஏலக்கூடத்துக்கு வந்தபின் விட முடியாது. வாங்குகிறவர்களும் சினைச் சிங்கிக்கு விலை சொல்லாதீர்கள்.