திரைக்குப் பின்னால் ஒரு கல் கிறுகுது

நாளைக்குக் கண்காட்சி. கல்முனைப் பள்ளிக்கூடமொன்றின் ஆய்வுகூடக் கதவில் ‘உள்ளே வரத் தடை’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். என்னை விட்டுவிட்டார்கள்! நீங்களும் வாருங்கள். மெல்ல, தரையெல்லாம் ரெஜிபோம் தூள். அது பறக்கக் கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.

மேசை நடுவில் அபோபிஸ்! 2004இல் அரிசோனாவின் கிட் பீக்கிலிருந்து கண்டுபிடித்த குறுங்கோள். கச்சான் கோது மாதிரி நீட்டு வடிவம். கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் பட்டதும் ரெஜிபோம் உருகிக் குழிகுழியாகிவிட்டது. செய்தவன் முகம் வாடிப்போனது. சேர் தூக்கிப் பார்த்தார்: “அழாதடா மனே, பள்ளமெல்லாம் சும்மா கிடைச்சிரிக்கி!”

அசல் கல் ஒருதரம் கிறுக ஏறத்தாழ 30 மணித்தியாலம் எடுக்கும், அதுவும் தள்ளாடித் தள்ளாடி. மோட்டரில் மாட்டினார்கள், கல் பறந்து அலுமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது. பிறகு ஒருத்தி வீட்டுச் சுவர்மணிக்கூட்டைக் கொண்டுவந்தாள். படுக்கப்போட்டு, மணிமுள் அச்சில் கல்லைக் குத்தியாயிற்று. 12 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று.

“உம்மா தேடினா என்னடி செல்லுவாய்?”

“விண்வெளிக்குப் போயிட்டு எண்டு செல்லுவன்!”

ஆனால் அது அசைகிற மாதிரியே தெரியவில்லை. ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கல்லில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு, தாங்கியில் நேராக இன்னொரு கோடு போட்டான். பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து குனிந்தோம். பெயின்ட் மணம் மூக்கில் ஏறியது. கோடுகள் இரண்டு விரல் அளவு விலகியிருந்தன! “கிறுகுது! கிறுகுது!” கூடமே அதிர்ந்தது. நானும்தான் கத்தினேன்.

‘பூமி அழியுமா?’ என்றொரு சுவரொட்டியை சேர் கிழித்துவிட்டார், சரியான வேலை. குறைந்தது 100 வருடங்களுக்கு மோதாது என்று 2021 ராடார் அவதானிப்புகள் உறுதி செய்துவிட்டனவே. 2029 ஏப்ரல் 13ஆம் திகதி இரவு அது இந்து சமுத்திரத்தின் மேலால் மேற்கே போகும். மிகக் கிட்ட வருவது அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலால், நமது நேரம் மறுநாள் அதிகாலை 3.16க்கு, பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீற்றர் தூரத்தில். நம் கூரை டிஷ்கள் பார்த்திருக்கும் செய்மதிகளைவிடக் கிட்ட!

அந்தச் சந்திப்பில் பூமியின் ஈர்ப்பு அதன் பாதையையே மாற்றிவிடும். இப்போது 324 நாளில் சூரியனைச் சுற்றும் கல்லுக்கு அதன்பின் ஓராண்டுக்கு மேல் வேண்டும். அதைக் காட்டத்தான் மூலையில் இரண்டு பிள்ளைகள் குறடும் கையுமாகச் செப்புக்கம்பியோடு மல்லுக்கட்டுகிறார்கள். பெரிய வளையம் ஒவ்வொரு தரமும் நழுவி, சூரியனாக நிற்கிற பல்ப்பில் இடிக்கிறது.

“சும்மா நிக்காம இந்த நுனியைப் புடிங்க ராத்தா!”

பிடித்துக்கொண்டேன்.