வில்லும் அம்பும் – 7: சாரல் ஊரில் ஓர் அம்பறாத்தூணி

தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் மன்மதன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவனுக்கு மொத்தமே ஐந்து மலர்க்கணைதான்; கையிலேயே அடங்கிவிடும். காண்டவ வனம் எரிவதற்கு முன் அர்ச்சுனனுக்கு வருணன் கொடுத்த தூணிகளிலோ அம்பு குறையவே குறையாது. நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். ஒரு டஜன் அம்பு நிற்கிற தோல் தூணி ஒன்றை வீட்டுத் திண்ணையிலேயே தைத்துவிடலாம்.

எந்தத் தோல் என்பதில்தான் முக்கால்வாசி வேலை. சென்னையில் 1903-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் பதனிடுதலைத் தொடங்கிவைத்தார். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கும் அஞ்சாது. ஆனால் தூணிக்கு ஆகாது, துவண்டு விழும். நமக்கு வேண்டியது பட்டைத் தோல். ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காய் நீரில் முடிந்த பழைய முறைத் தோல். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு தொழிற்கூடங்கள் இதற்குப் பேர்போனவை. இப்போது பெரும்பாலும் வெளிநாட்டு வாட்டில் பட்டைதான் ஓடுகிறது என்பது வேறு கதை. நனைந்தால் வளையும், காய்ந்தால் வளைந்தபடியே விறைத்து நிற்கும்; அதுதான் இந்தத் தோலின் குணம். வாங்கும்போது ஓரத்தைச் சீவிப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மூன்று மில்லிமீட்டர் தடிமன் போதும்.

அச்சுக்கு நாலு அங்குல பிவிசி பைப்பு. அதன் சுற்றளவை நூலால் அளந்து, தையலுக்கு ஓர் அங்குலமும் தோலின் தடிமனுக்கு அரை அங்குலமும் கூட்டினால் அகலம் கிடைக்கும். நீளம் இருபது அங்குலம். அம்பு இருபத்தெட்டு முப்பது அங்குலம் இருக்கும் என்பதால் இறகுப் பகுதி வெளியே நிற்கும்.

இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, ஐந்து மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குத்தூசியால் துளை போடுங்கள். தேன்மெழுகு தேய்த்த நூல், தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு. இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளைக்குள் இந்தப் பக்கத்து ஊசி அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்து ஊசி இந்தப் பக்கமும் வர வேண்டும். தையல் மிஷினில் ஓட்டினால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலே வரிசையாக விட்டுக்கொண்டு போகும். இதில் அப்படி ஆகாது. செருப்புத் தைக்கிற அண்ணாச்சி யாரிடமாவது பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் நான் எழுதுவதைவிட நன்றாகப் புரியும்.

தைத்த குழாயைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவது நின்றதும் எடுத்து பைப்பில் மாட்டிவிடுங்கள். ஈரத் தோலில் இரும்பு படவே கூடாது. ஆணி, கிளிப் எது பட்டாலும் பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மைக்கறுப்பாகக் கறை விழும். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். அடித்தட்டுக்கு வட்டமாக வெட்டிய துண்டை நனைத்து, விளிம்பைக் கிண்ணம்போல மடித்துக் காயவைத்துக் கடைசியில் தையுங்கள். உள்ளே தடித்த கம்பளித் துண்டு ஒன்று போட்டால் அம்பு முனை அடியைத் துளைக்காது.

இனி ஈரத்தோடு மல்லுக்கட்டு. ஆவாரை செழிப்பது கிழக்கே ஆலங்குளம் பக்கத்துக் காய்ந்த கரட்டில். குற்றாலத்திலோ ஆனி, ஆடியில் துணியே காய்வதில்லை. அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்படியிலோ வைத்தால் தோல் வெடிக்கும். ஃபேன் காற்று போதும், இரண்டு மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு புங்க எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தடவுங்கள். ஊற்றினால் விறைப்பு போய்விடும். வாடை நாலு நாளில் அடங்கும். பாலிதீன் பையில் சுற்றி வைப்பவர்களுக்குச் சாரல் முடிவதற்குள் வெள்ளைப் பூஞ்சை நிச்சயம். அதை வீட்டுக்குள் வைத்துத் தட்டாமல், வாசலில் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

தோளில் மாட்டும் வாரும் கொக்கியும் அடுத்த வாரம்.