வாழைப்பழம் கொடுக்கும் முன் தோலைப் பாருங்கள்!

‘குழந்தை ரெண்டு நாளா வெளிக்குப் போகலை’ என்று சொன்னால், ஸ்ரீரங்கத்துப் பாட்டிகளின் கை வாழைப்பழத்துக்குத்தான் போகும். காவிரிக் கரையெங்கும் வாழை. 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருப்பதும் திருச்சியில்தான். பாட்டி வைத்தியம் சரிதான், பழம் கனிந்திருந்தால்! அரைக்காய்ப் பழத்தில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து அதிகம். சில குழந்தைகளுக்கு மலம் இன்னும் இறுகிவிடும். தோலில் கரும்புள்ளி விழுந்த பூவனை மசித்து, ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கலாம்.

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பது மட்டும் வேண்டாம். அங்கே கீறல் விழுந்தால், வலிக்குப் பயந்து குழந்தை மலத்தை அடக்கும். அடக்க அடக்க இறுகும். பல வீடுகளில் மலச்சிக்கல் மாதக்கணக்கில் நீள்வது இப்படித்தான்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தை தினமும் அரை லிட்டருக்கு மேல் பால் குடித்தால், முதலில் அதைக் குறையுங்கள். ஊறவைத்து மசித்த உலர் திராட்சை, கீரை, போதுமான தண்ணீர் கொடுங்கள். சாப்பிட்டதும் கால் தரையில் பதியும்படி ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை சில நாள் போகாமலிருந்து, பிறகு இளக்கமாகப் போனால் பெரும்பாலும் இயல்புதான். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. வயிறு உப்பல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.