நஞ்சுக்கொடியும் கர்ப்பகால நீரிழிவும்

கருவுற்ற பெண்ணுக்கு நீரிழிவு இருப்பதாக மருத்துவர் கூறியதும், "இனிப்பு அதிகமாகச் சாப்பிட்டாயா?" என்ற கேள்விதான் வீட்டில் முதலில் எழும். தன் தவற்றால் குழந்தைக்குத் தீங்கு நேருமோ என்று அந்தத் தாய் கலங்குவாள். உண்மையில், கர்ப்பகால நீரிழிவு தோன்றுவதில் பெரும் பங்கு வகிப்பது, குழந்தையை வளர்க்கும் நஞ்சுக்கொடியே ஆகும்.

நஞ்சுக்கொடி என்பது கர்ப்ப காலத்தில் மட்டும் கருப்பையின் உட்சுவரோடு ஒட்டி வளரும் ஓர் உறுப்பு. பிரசவ நேரத்தில் அது ஏறக்குறைய அரைக் கிலோ எடை இருக்கும். தாயின் இரத்தத்திலிருந்து உயிர்வளியையும் சத்துகளையும் பெற்று, தொப்புள்கொடி வழியாக அது குழந்தைக்கு அனுப்புகிறது. அதோடு, புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், நஞ்சுக்கொடி லாக்டோஜன் முதலிய ஹார்மோன்களையும் சுரக்கிறது. கர்ப்பம் நிலைத்திருக்க இவை தேவை. ஆனால், இத்தகைய ஹார்மோன்கள் மிகும்போது இன்சுலினின் வேலை தடைபடுகிறது.

உண்ணும் சோறும் ரொட்டியும் செரித்து, குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின், அந்தக் குளுக்கோஸ் உயிரணுக்களுக்குள் செல்ல உதவுகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயின் உயிரணுக்கள் இன்சுலினுக்கு முன்போல் இணங்குவதில்லை. இதனை 'இன்சுலின் எதிர்ப்பு' என்பர். இது இயற்கையின் ஏற்பாடு. தாயின் உடல் குளுக்கோஸைக் குறைவாகப் பயன்படுத்தினால், வளரும் குழந்தைக்கு அது தடையின்றிக் கிடைக்கும் அல்லவா?

இந்த எதிர்ப்பை ஈடுகட்ட, தாயின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டும். பெரும்பாலோரின் கணையம் இதற்கு ஈடுகொடுக்கிறது. அவ்வாறு இயலாதபோது இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. உடல் பருமன், கூடிய வயது, குடும்பத்தில் நீரிழிவு ஆகியவை இருந்தால் இதற்கான வாய்ப்பு அதிகம். இந்தியர்களுக்கும் இந்த வாய்ப்பு கூடுதலாக உள்ளது.

தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும். தாயின் இன்சுலினோ கடப்பதில்லை. ஆகவே, மிகுதியான சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சிறிய கணையமே அதிக இன்சுலினைச் சுரக்கிறது. இதனால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்து, பிரசவம் கடினமாகலாம். பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும்; குழந்தையின் உடலில் இன்சுலின் மட்டும் மிகுந்திருக்கும். அப்போது குழந்தையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும்.

சிங்கப்பூரில் கருவுற்ற பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்நோய் ஏற்படுகிறது. பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. எனவே, நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் பெருகியிருக்கும் 24 முதல் 28 வாரங்களுக்குள் சோதனை செய்யப்படுகிறது. வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுத்தபின், 75 கிராம் குளுக்கோஸ் கலந்த பானம் கொடுத்து மீண்டும் சோதிப்பர்.

அளவான உணவும் நடைப்பயிற்சியும் பலருக்குப் போதுமானவை. சிலருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படும். பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஹார்மோன்கள் குறைந்து, பெரும்பாலோருக்குச் சர்க்கரை அளவு இயல்புநிலைக்குத் திரும்பும். எனினும், இவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். ஆகையால், குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரங்களில் மறுசோதனை செய்துகொள்வதும், அதன் பிறகும் அவ்வப்போது சோதித்துக்கொள்வதும் அவசியம்.

தாயைக் குறைகூறுவதால் சர்க்கரை குறையாது. அவளுக்கு ஏற்ற உணவைக் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து உண்பதும், மாலையில் அவளுடன் துணையாக நடப்பதும் தாய்க்கும் சேய்க்கும் நலம் பயக்கும்.